கையெழுத்து வாங்க நேரமில்லாத இடம்



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். வழக்கம்போல "டீச்சர் கிளாஸ் எடுக்க ஆரம்பிச்சிட்டாங்க" என்று சிரிப்பீர்கள். பரவாயில்லை. ஒரு டம்ளர் காபியோடு உட்கார்ந்து முழுசாகப் படித்துவிடுங்கள். நம் குடும்பத்தில் ஒரு பெண் ஒன்றரை மாதமாகச் சரியாகத் தூங்கவில்லை. முதலில் அவளுக்காகத்தான் எழுதுகிறேன்.

என் அண்ணன் மகளின் மாமனார் குளியலறையில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டார். ஆம்புலன்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மாப்பிள்ளை வெளியூரில். இவள் மட்டும்தான் கூட. இரவு பதினொன்றரை மணிக்கு எனக்குப் போன் வந்தது.

"அத்தை, ஏதோ ஆராய்ச்சின்னு சொல்றாங்க. ஒரு ஊசி போடுவாங்களாம். அது மருந்தா வெறும் தண்ணியான்னு போடுற டாக்டருக்கே தெரியாதாம். கையெழுத்து கேக்கறாங்க. போடவா வேண்டாமா?"

நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் கேள்வி கேட்டாலும் திணறாத எனக்கு அன்று வாய் வரவில்லை. "உனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்மா" என்றேன். அவள் கையெழுத்துப் போடவில்லை. டாக்டரும் முகம் சுளிக்காமல், வழக்கமான சிகிச்சையையே தொடர்ந்தார். பெரியவர் குணமாகி வீட்டுக்கு வந்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் வினை. நம் குடும்ப வாட்ஸப் குழுவில் பாதிப் பேர், "நல்ல வேளை, சோதனை எலி ஆக்கப் பார்த்திருக்காங்க" என்றார்கள். மீதிப் பேர், "படிச்ச பொண்ணு இப்படிப் பயந்தா எப்படி?" என்றார்கள். அவள் குழுவை விட்டே வெளியேறிவிட்டாள்.

அன்று எனக்கு ஏன் வாய் வரவில்லை என்பதை முதலில் சொல்கிறேன்.

1986. ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் எனக்கு வேலை கிடைத்து நான்கைந்து வருடம் ஆகியிருந்தது. என் தம்பிக்கு 21 வயது. மழை பெய்து நின்ற ஒரு ராத்திரியில் மொபெட்டில் வந்தவன் ரோட்டுப் பள்ளத்தில் விழுந்தான். ஹெல்மெட்டெல்லாம் அப்போது யாரிடம் இருந்தது? நினைவு தப்பியவனை வேனில் போட்டுக்கொண்டு போனோம். அப்பா எழுதப் படிக்கத் தெரியாதவர். நீட்டிய தாளில் கைநாட்டு வைத்தார். டாக்டர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து, "இந்த ஊசி மருந்தை வெளியே வாங்கிட்டு வாங்க, மூளை வீக்கம் குறையும்" என்றார். நான்தான் ஓடினேன். இரண்டு மெடிக்கல் பூட்டியிருந்தது. மூன்றாவது கடையில் கதவைத் தட்டி எழுப்பி வாங்கினேன். மூன்றாம் நாள் தம்பி போய்விட்டான்.

அந்தச் சீட்டை நான் தூக்கிப் போடவில்லை. என் டிரங்குப் பெட்டியில், டீச்சர் டிரெயினிங் சான்றிதழுக்குக் கீழே இன்னும் இருக்கிறது. அதில் இருக்கும் மருந்து டெக்ஸாமெத்தசோன். ஸ்டீராய்டு வகை.

இந்தச் சீட்டுக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன் கொஞ்சம் சரித்திரம்.

★

18ஆம் நூற்றாண்டு. நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரம் முழுக்கக் கால்வாய்கள். தவறி விழுந்து மூழ்குவது தினப்படிச் சங்கதி. 1767இல் அங்கே சில நல்ல மனிதர்கள் சேர்ந்து, நீரில் மூழ்கியவர்களைக் காப்பாற்ற ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1774இல் லண்டனிலும் அதுபோல ஒன்று வந்தது. அவசர சிகிச்சை என்பதற்கு ஓர் அமைப்பு வந்தது ஏறக்குறைய இங்கிருந்துதான்.

அவர்கள் என்ன செய்தார்கள்? ஈர உடையைக் கழற்றி உடம்பைச் சூடுபடுத்தினார்கள். வாயோடு வாய் வைத்து ஊதினார்கள். இரண்டும் நல்ல காரியம். கூடவே இன்னொன்றும் செய்தார்கள். துருத்தி வைத்து, மூழ்கியவரின் ஆசனவாய் வழியாகப் புகையிலைப் புகையை உள்ளே ஏற்றினார்கள்! சிரிக்காதீர்கள். தேம்ஸ் நதிக்கரையில் இதற்கான கருவிப் பெட்டிகளைத் தயாராக வைத்திருந்தார்கள். புகையிலைக் காரம் உடம்பை உசுப்பிவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை.

1811இல் பெஞ்சமின் பிராடி என்ற ஆங்கிலேய மருத்துவர், புகையிலை இதயத்துக்கு விஷம் என்று விலங்குகளில் சோதித்துக் காட்டினார். அதன் பிறகுதான் இந்த வழக்கம் மெல்ல மறைந்தது. கணக்குப் போடுங்கள்: 1767 முதல் 1811 வரை 44 வருடம். பிழைத்தவர் "புகையால் பிழைத்தேன்" என்றார். பிழைக்காதவர் வந்து எதுவும் சொல்லப் போவதில்லை. புகை ஏற்றியவர்கள் கெட்டவர்கள் இல்லை. உயிரைக் காப்பாற்றத் துடித்தவர்கள். ஆனால் புகை ஏற்றியவர்களில் எத்தனை பேர், ஏற்றாதவர்களில் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று இரண்டு பத்தியாகக் கோடு போட்டு எழுதிப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அவசர சிகிச்சையில் இந்த வியாதி இன்றைக்கும் உண்டு. கண் முன்னால் உயிர் போகும்போது சும்மா நிற்க முடியாது. ஏதாவது செய்யத் தோன்றும். செய்தது பழகிப்போகும். பழகியது பாடப் புத்தகத்தில் ஏறிவிடும்.

★

சரி, சோதித்துப் பார்த்துவிட வேண்டியதுதானே என்பீர்கள். இங்கேதான் இன்னொரு பயங்கரமான அத்தியாயம் குறுக்கே வருகிறது.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் விமானிகள் பனிக்கடலில் விழுந்து குளிரில் விறைத்துச் செத்தார்கள். அவர்களை எப்படிக் காப்பாற்றுவது என்று கண்டுபிடிக்க, 1942-43இல் டாகாவ் வதைமுகாமில் கைதிகளை ஐஸ் தண்ணீரில் மணிக்கணக்காக அமிழ்த்தி வைத்தார்கள் நாஜி மருத்துவர்கள். எத்தனையோ பேர் தொட்டியிலேயே இறந்தார்கள். கவனியுங்கள், இதுவும் "அவசர சிகிச்சை ஆராய்ச்சி" என்ற பெயரில் நடந்ததுதான்.

போர் முடிந்ததும் 1946 டிசம்பரில் நியூரம்பர்க் நகரில் 23 பேர் மீது வழக்கு நடந்தது. அவர்களில் 20 பேர் மருத்துவர்கள். 1947 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. 16 பேர் குற்றவாளிகள், அவர்களில் 7 பேருக்குத் தூக்கு. அந்தத் தீர்ப்போடு மனிதர்கள் மீதான ஆராய்ச்சிக்குப் பத்து விதிகளையும் எழுதி வைத்தார்கள். முதல் விதியின் சாரம்: ஆராய்ச்சிக்கு உட்படுகிறவர் தானாக மனமொப்பித் தரும் சம்மதம் இல்லாமல் எதுவும் கூடாது.

நல்ல விதி. ரத்தத்தில் எழுதிய விதி. ஆனால் பிள்ளைகளே, ரோட்டில் நினைவிழந்து கிடப்பவர் எப்படிச் சம்மதம் சொல்வார்? என் தம்பி எப்படிச் சொல்லியிருப்பான்?

1964இல் உலக மருத்துவர் சங்கம் ஹெல்சின்கியில் ஒரு பிரகடனம் வெளியிட்டது. சம்மதம் சொல்ல முடியாதவருக்காகப் பொறுப்பானவர் சொல்லலாம் என்று அது கதவைக் கொஞ்சம் திறந்தது. பின்னால் திருத்தப்பட்ட வடிவங்களில், பொறுப்பானவரும் கிடைக்காமல், தள்ளிப்போடவும் முடியாத நிலையில், நெறிமுறைக் குழு முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருந்தால் ஆராய்ச்சி நடத்தலாம், பிறகு எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் சம்மதம் வாங்க வேண்டும் என்ற விதியும் சேர்ந்தது. அமெரிக்காவில் இதற்கென்றே 1996இல் தனி விதி வந்தது. ஆராய்ச்சி தொடங்கும் முன்பே அந்த ஊர் மக்களிடம் பேச வேண்டும், ஊரறிய அறிவிக்க வேண்டும் என்பது அதில் ஒரு நிபந்தனை.

★

இனி அந்தச் சீட்டுக்கு வருகிறேன்.

1960களின் தொடக்கத்தில், மூளைக் கட்டி உள்ளவர்களுக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் கட்டியைச் சுற்றிய வீக்கம் வடிகிறது என்று கண்டார்கள். நோயாளிகள் எழுந்து உட்கார்ந்தார்கள். தலையில் அடிபட்டாலும் மூளை வீங்குகிறதே, அதற்கும் கேட்கும்தானே என்று நினைத்தார்கள். உலகம் முழுக்க டாக்டர்கள் கொடுக்கத் தொடங்கினார்கள். சின்னச் சின்ன ஆராய்ச்சிகள் நடந்தன. சிலது நல்லது என்றது, சிலது இல்லை என்றது. 1997இல் அத்தனையையும் கூட்டிப் பார்த்தபோது, எல்லாம் சேர்ந்தே 2000 நோயாளிகள்தான் தேறினார்கள். அதை வைத்து நல்லதா கெட்டதா என்று எதுவுமே சொல்ல முடியவில்லை. முப்பது வருடமாகக் கொடுத்த மருந்துக்கு இதுதான் ஆதாரம்!

லண்டனைச் சேர்ந்த இயன் ராபர்ட்ஸ் என்ற மருத்துவரும் அவர் குழுவும், இதை ஒரு முறை பெரிதாகச் சோதித்து முடித்துவிடுவோம் என்று இறங்கினார்கள். அந்த ஆராய்ச்சியின் பெயர் கிராஷ். 49 நாடுகள், 239 ஆஸ்பத்திரிகள். நம் இந்தியாவும் உண்டு. அடிபட்டு 8 மணி நேரத்துக்குள் வந்தவர்களில் பாதிப் பேருக்கு ஸ்டீராய்டு, பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்பது குலுக்கல் மாதிரி.

"குலுக்கிப் போட்டா உயிரோட விளையாடறது?" என்று குழுவில் ஒருவர் கேட்டிருந்தார். அவருக்கு ஒரு வகுப்பறைக் கணக்கு சொல்கிறேன். நான் ஒரு புது முறையில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிறேன் என்று வையுங்கள். முன் பெஞ்சில் இருக்கும் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குப் புது முறை, கடைசி பெஞ்சுக்குப் பழைய முறை. பரீட்சையில் எது ஜெயிக்கும்? புது முறைதான். ஆனால் அது முறையின் வெற்றியா, பிள்ளைகளின் வெற்றியா? அது தெரிய வேண்டுமென்றால் சீட்டுக் குலுக்கித்தான் பிள்ளைகளைப் பிரிக்க வேண்டும். எந்த டாக்டருடைய ஆசையும் பயமும் கணக்கில் கலக்காமல் இருக்க அதுதான் வழி. ஊசி போடுகிற டாக்டருக்கே உள்ளே இருப்பது தெரியக் கூடாது என்பதும் இதற்காகத்தான். ஒரு நிபந்தனை: இரண்டில் எது நல்லது என்று உண்மையாகவே தெரியாதபோது மட்டும்தான் குலுக்கலாம். தெரிந்த பிறகும் குலுக்கினால் அது பாவம்.

20,000 பேரைச் சேர்ப்பதாகத் திட்டம். 10,008 பேர் சேர்ந்த நிலையில், 2004இல் கணக்கைக் கண்காணிக்கும் தனிக் குழு விவரத்தை வெளியிட்டது, ஆராய்ச்சி அதோடு நின்றது. ஸ்டீராய்டு கொடுத்தவர்களில் இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் 1052 பேர், அதாவது 100க்கு 21. வெறும் உப்புநீர் கொடுத்தவர்களில் 893 பேர், 100க்கு 18.

ஆம். காப்பாற்றும் என்று நினைத்துக் கொடுத்த மருந்து சாவைக் கூட்டியிருக்கிறது.

இதை எனக்குச் சொன்னவன் என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்த பையன். இப்போது அவசர சிகிச்சைப் பிரிவில் டாக்டர். சில வருடத்துக்கு முன் வீட்டுக்கு வந்தபோது பேச்சுவாக்கில் சொன்னான். நான் உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து அந்தச் சீட்டைக் கொண்டுவந்து காட்டினேன்.

"நான் வாங்கிட்டு வந்த ஊசிதான் அவனைக் கொன்னுடுச்சாப்பா?"

அவன் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னான்: "டீச்சர், அதை யாராலயும் சொல்ல முடியாது. அந்த ஆராய்ச்சியில குடுத்தது வேற ஸ்டீராய்டு, அளவும் அதிகம். அதை விடுங்க. ஊசி போடாம இருந்தாலும் நூத்துக்குப் பதினெட்டுப் பேர் போயிருப்பாங்க. போட்டதால கூடுதலா மூணு பேர். உங்க தம்பி அந்தப் பதினெட்டுல ஒருத்தரா, மூணுல ஒருத்தரா? அடிபட்டவங்க பக்கத்துல நிக்கற எந்த டாக்டராலயும் அதைக் கண்ணால பாத்துச் சொல்ல முடியாது. அதனாலதான் முப்பது வருஷமா யாருக்குமே தெரியல."

அன்று ராத்திரி முழுக்க நான் யோசித்தது இதுதான். 1986இல் எங்களிடம் யாரும் ஆராய்ச்சி என்று சொல்லவில்லை. கையெழுத்து கேட்கவில்லை. ஆனால் என் தம்பி மீது நடந்தது சோதனை இல்லையா? சோதித்துப் பார்க்காத மருந்தைக் கொடுத்தார்கள். என்ன ஆனது என்று எந்த நோட்டிலும் எழுதி மற்றவர்களோடு சேர்த்துப் பார்க்கவில்லை. அவன் சாவிலிருந்து யாரும் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. சம்மதமும் இல்லை, குறிப்பு நோட்டும் இல்லை. கிராஷில் சேர்ந்தவர்களில் இறந்துபோன 1945 பேரின் சாவாவது, அடுத்து வருகிறவனுக்கு அந்த ஊசியைப் போடாதே என்று சொல்லிவிட்டுப் போனது.

அந்த டாக்டர் மீது எனக்குக் கோபம் இல்லை. அன்றைய படிப்பு அது.

★

இதேபோல இன்னொன்று ஆப்பிரிக்காவில். காய்ச்சல் முற்றி, கை கால் ஜில்லிட்டு, நாடி தளர்ந்து வரும் குழந்தைகளுக்கு உடனே வேகமாக நிறைய ட்ரிப்ஸ் ஏற்ற வேண்டும் என்பது உலகம் ஒப்புக்கொண்ட வைத்தியம். கென்யாவில் பணியாற்றிய கேத்ரின் மெய்ட்லண்ட் என்ற மருத்துவர் தலைமையில், கென்யா, உகாண்டா, தான்சானியாவின் 6 ஆஸ்பத்திரிகளில் 2009 முதல் 2011 வரை இதைச் சோதித்தார்கள். 3141 குழந்தைகள்.

அங்கே சம்மதம் எப்படி வாங்கினார்கள் தெரியுமா? குழந்தையை மார்போடு அணைத்து ஓடி வந்த தாயிடம் பத்துப் பக்கத் தாளை நீட்டவில்லை. இன்னது செய்யப் போகிறோம் என்று சுருக்கமாகச் சொல்லி, சரி என்றால் தொடங்கினார்கள். வேண்டாம் என்றால் விட்டார்கள். குழந்தை கொஞ்சம் நிலைக்கு வந்த பிறகு உட்கார வைத்து விவரமாக விளக்கி எழுத்தில் சம்மதம் வாங்கினார்கள். இதற்குத் தள்ளிவைத்த சம்மதம் என்று பெயர். நியூரம்பர்க் விதியை அப்படியே பிடித்துக்கொண்டால் இது தப்பு. ஆனால் அந்தத் தாயின் நிலையில் நின்று பார்த்தால் இதுதான் மரியாதை என்று எனக்குப் படுகிறது.

முடிவு? வேகமாக ட்ரிப்ஸ் ஏற்றிய குழந்தைகளில் 48 மணி நேரத்தில் இறந்தவர்கள் 100க்கு 10.5க்கு மேல். ஏற்றாமல் மெதுவாகக் கவனித்தவர்களில் 7.3. ட்ரிப்ஸ் ஏற்றியதும் முதலில் நாடி தேறுவதுபோலத்தான் தெரிந்திருக்கிறது. அதைப் பார்த்துத்தான் அத்தனை வருடம் எல்லாரும் நம்பினார்கள். ஆராய்ச்சி செய்தவர்களே ட்ரிப்ஸ் காப்பாற்றும் என்றுதான் எதிர்பார்த்தார்கள். எண்ணிப் பார்த்தபோது கணக்கு வேறு சொன்னது.

★

"அப்ப ஆராய்ச்சின்னாலே கெட்ட சேதிதானா டீச்சர்?" என்று கேட்காதீர்கள். நல்ல சேதியும் உண்டு. பெண் பிள்ளைகள் இதைக் கவனமாகப் படியுங்கள்.

ஜப்பானில் உதாகோ ஒகமோட்டோ என்ற பெண் மருத்துவ விஞ்ஞானி. பிரசவ ரத்தப்போக்கில் தாய்மார்கள் சாவதைத் தடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தவர். அவரும் கணவர் ஷோசுகேயும் சேர்ந்து, உறைந்த ரத்தம் கரைந்துவிடாமல் தடுக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற மருந்தை 1962இல் வெளியுலகுக்குச் சொன்னார்கள். விலை மலிவு. ஆனாலும் அவசர சிகிச்சையில் அதைப் பெரிய அளவில் யாரும் சோதிக்கவில்லை.

கிட்டத்தட்ட 50 வருடம் கழித்து, அதே கிராஷ் குழு 40 நாடுகளில், விபத்தில் ரத்தம் இழந்த 20,211 பேரிடம் சோதித்தது. இந்தியாவிலிருந்தும் ஏராளமானவர்கள் சேர்ந்தார்கள். 2010இல் முடிவு வந்தது. மருந்து கொடுக்காதவர்களில் 100க்கு 16 பேர் இறந்தார்கள், கொடுத்தவர்களில் 14.5. மறு வருடமே உலக சுகாதார நிறுவனம் விபத்துக் காயத்துக்கு இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. பிரசவ ரத்தப்போக்கிலும் இது சாவைக் குறைக்கிறது என்று 20,000 தாய்மார்களிடம் நடந்த ஆராய்ச்சி 2017இல் சொன்னது. அதைப் பார்க்க அந்த அம்மா இல்லை. 2016இல், 98 வயதில் காலமாகிவிட்டார்.

இந்த மருந்தில் இன்னொரு பாடமும் இருக்கிறது. அடிபட்டு ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்தால் நல்ல பலன். மூன்று மணி நேரம் வரை பலன். அதைத் தாண்டினால் ரத்தப்போக்குச் சாவு குறையவில்லை, கூடத்தான் செய்தது. இப்போது முதல் கிராஷின் இன்னொரு கணக்கைப் பாருங்கள். உறவினர் கையெழுத்துக்குக் காத்திருந்த ஆஸ்பத்திரிகளில் ஆராய்ச்சி ஊசி போடவே சுமார் ஒரு மணி 12 நிமிடம் தாமதமாகியிருந்தது. நேரத்தோடு கொடுக்க வேண்டிய மருந்தாக இருந்தால், அந்தக் கையெழுத்துக்குக் காத்த நேரமே ஆளைக் கொன்றுவிடும். நோயாளியைக் காக்க வந்த விதி சில நேரம் நோயாளிக்கே எதிராகப் போய்விடுகிறது.

★

அதற்காக விதியையே எடுத்துவிடலாமா? கூடாது. ஏன் என்பதற்கும் ஒரு சரித்திரம்.

அமெரிக்காவில் ஒரு கம்பெனி பாலிஹீம் என்ற செயற்கை ரத்தத்தைத் தயாரித்தது. 1996ஆம் வருட விதியின் கீழ், 2003 முதல் 2006 வரை, விபத்தில் ரத்தம் இழந்த 700க்கு மேற்பட்டவர்களுக்குச் சம்மதம் இல்லாமல் சோதனை நடந்தது. ரோட்டிலும் ஆம்புலன்ஸிலும் ரத்தம் கிடைக்காது, அங்கே கொடுத்துப் பார்க்கலாம் என்பது நியாயம்தான். ஆனால் ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகும், நிஜ ரத்தம் பக்கத்திலேயே இருக்கும்போதும், 12 மணி நேரம் வரை அந்தச் செயற்கை ரத்தத்தையே தொடர்ந்தார்கள். நல்லது எது என்று தெரிந்த பிறகும் குலுக்குவது பாவம் என்று மேலே சொன்னேனே, அது இதுதான். நெறிமுறை அறிஞர்கள் பகிரங்கமாகக் கடிதம் எழுதிக் கண்டித்தார்கள். முடிவில் செயற்கை ரத்தம் பெற்றவர்களில் 100க்கு 13 பேருக்கு மேல் இறந்தார்கள், மற்றவர்களில் 10க்கும் குறைவு. அந்தப் பொருளுக்கு அரசு அனுமதி கிடைக்கவில்லை. "எனக்கு வேண்டாம்" என்பவர்கள் கையில் வளையம் போட்டுக்கொள்ளலாம் என்று அறிவித்திருந்தார்கள். தெருவில் போகும் எத்தனை பேருக்கு அது தெரிந்திருக்கும்?

இங்கிலாந்தில் 2014 முதல் 2017 வரை இன்னொரு ஆராய்ச்சி. வீட்டிலோ ரோட்டிலோ இதயம் நின்றுபோனவர்களுக்கு அட்ரினலின் ஊசி உண்மையிலேயே உதவுகிறதா என்று 8014 பேரிடம் பார்த்தார்கள். இதயம் நின்றவரிடம் சம்மதம் கேட்க ஒரு நிமிடம்கூட இல்லை. ஊசி போட்டவர்களில் 30 நாள் உயிரோடு இருந்தவர்கள் 100க்கு 3.2, போடாதவர்களில் 2.4. ஆனால் பிழைத்தவர்களில் மூளை கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் ஊசி போட்ட பக்கம்தான் அதிகம். பிழைத்தவர்களிடம் பிறகு விளக்கிச் சொல்லிச் சம்மதம் கேட்டார்கள். இறந்தவர்களின் குடும்பத்தை மட்டும் தாங்களாகத் தேடிப்போய்ச் சொல்ல வேண்டாம், துக்கத்தில் இருப்பவர்களை மேலும் நோகடிக்கக் கூடாது என்று முடிவெடுத்தார்கள். பொது இடங்களில் தகவல் வைத்தார்கள். இது சரியா என்று அங்கே இன்றும் விவாதம் உண்டு. என்னைக் கேட்டால், நான் தெரிந்துகொள்ளவே விரும்பியிருப்பேன். ஆனால் என் அம்மாவுக்குச் சொல்லாமல் இருந்திருந்தால் நல்லது என்றும் நினைத்திருப்பேன். இரண்டும் உண்மை.

★

இனி அண்ணன் மகளுக்கு.

கண்ணு, நீ கையெழுத்துப் போடாதது தப்பில்லை. வேண்டாம் என்று சொல்லும் உரிமைக்காகத்தான் அத்தனை பேர் ஐஸ் தொட்டியில் செத்தார்கள். உன்னிடம் கேட்டார்கள் பார், மறுத்ததும் வைத்தியத்தைக் குறைக்காமல் பார்த்தார்கள் பார், 1986இல் உன் தாத்தாவுக்குக் கிடைக்காத மரியாதை அது. குழுவில் உன்னைப் பேசியவர்கள் அந்த நேரத்தில் அந்த வராந்தாவில் நின்றிருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்?

ஆனால் "சோதனை எலி" என்று சொல்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிச் சம்மதம் கேட்கிற டாக்டரைவிட, தெரிந்தமாதிரி எழுதிக் கொடுக்கிற சீட்டு ஆபத்தானது. என் பெட்டியில் இருப்பது அப்படி ஒரு சீட்டு.

நாளைக்கு உங்களில் யாரிடமாவது இப்படி ஒரு தாள் நீட்டப்பட்டால் இந்த நான்கை மட்டும் கேளுங்கள்:

1. இந்த மருந்து உதவுமா உதவாதா என்பது உண்மையாகவே யாருக்கும் தெரியாதா? தெரிந்த நல்ல சிகிச்சை எதையாவது இதற்காக நிறுத்துவீர்களா?

2. நெறிமுறைக் குழு ஒப்புக்கொண்டதா? அரசின் மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதிவு எண் என்ன? (நம் நாட்டில் 2007 முதல் இந்தப் பதிவேடு இருக்கிறது. யாரும் இணையத்தில் பார்க்கலாம்.)

3. வேண்டாம் என்றாலோ, நடுவில் விலகினாலோ வழக்கமான சிகிச்சை அப்படியே கிடைக்குமா?

4. ஆராய்ச்சியால் பாதிப்பு வந்தால் யார் பொறுப்பு? (2019ஆம் ஆண்டு விதிகளின்படி புது மருந்துப் பரிசோதனையால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு.)

இதற்கு நேராகப் பதில் சொன்னால் யோசித்து முடிவெடுங்கள். மழுப்பினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கேட்க நேரமே இல்லாத நிலை என்றால், உங்களுக்காக முன்பே கேட்டிருக்க வேண்டியது அந்த நெறிமுறைக் குழு. அந்தக் குழுவில் மருத்துவம் படிக்காத சாதாரண ஆள் ஒருவரும் இருக்க வேண்டும் என்கிறது ஐ.சி.எம்.ஆர். என்னைப் போல ஓய்வுபெற்ற ஒரு டீச்சரும் அதில் உட்காரலாம். என் டாக்டர் மாணவனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். எங்காவது ஆள் தேவைப்பட்டால் கூப்பிடு, ஒவ்வொரு தாளையும் பரீட்சைத் தாள் மாதிரி திருத்தித் தருகிறேன் என்று. சிரிக்கிறான். நான் நிஜமாகத்தான் சொன்னேன்.

அண்ணன் மகளே, இதைப் படித்ததும் எனக்குப் போன் பண்ணு. அன்று ராத்திரி சொல்லத் தெரியாத பதிலை இப்போது சொல்கிறேன்.

மற்றவர்கள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். எழுத்துப்பிழை இருந்தால் திருத்துவேன், தெரியும்தானே! வண்டியில் போகிறவர்கள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு போங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்